அங்கிட்டுள்ள நாட்டைக் கையால் படித்த இரண்டு மாதம்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டுப்பாடம் முடிக்கவும் சத்தமாக வாசித்துப் பழகவும் ஆரம்பித்த வகுப்பு அது. பதினான்கு பேர். பாதிப் பேரின் அப்பாக்கள் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். மூன்று பேர் நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இவர்கள் வரைபடம் தேட மாட்டார்கள். கிழக்கே கையை நீட்டி "அங்கிட்டு" என்பார்கள். அவ்வளவு பக்கம். அந்த நாட்டைப் பற்றி வேறென்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். "படகைப் பிடிப்பாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வரும். போன வருடம் அந்த இரண்டு மாதமும் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கையால் செய்து செய்து படிப்பது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஜப்பான் என்றார்கள், எகிப்து என்றார்கள். காகிதக் கொக்கு மடிக்கலாம், அட்டையில் பிரமிடு செய்யலாம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சமையல் என்று தெரியாமல் ஏழு கடல் தாண்டிப் போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இலங்கைதான் என்று நானே முடிவு செய்தேன்.

முதல் நாளே தவறு செய்தேன். இலங்கைக் கொடியை அச்செடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். பச்சைப் பட்டை அங்குள்ள முஸ்லிம்களுக்கு, ஆரஞ்சுப் பட்டை தமிழர்களுக்கு, நடுவில் வாள் ஏந்திய சிங்கம் என்று விளக்கமும் சொன்னேன். எல்லோரும் தீட்டினார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பட்டைகளை முடித்துவிட்டு, சிங்கத்தைத் தொடாமல் தாளைத் திருப்பி வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "அது வாள வச்சு யாரக்கா மிரட்டுது?" என்றான். மாசி மாதம் அவன் அப்பா வேலை பார்த்த படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டிருந்தது. ஆட்கள் சில வாரம் கழித்து வந்தார்கள். படகு வரவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அந்தத் தாளை அவன் கையில் கொடுத்தது என் தப்பு.

பிள்ளைகளோடு இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கொடியில் தொடங்காதீர்கள். கொடி ஒரு நாடு விசேஷத்துக்கு உடுத்தும் உடுப்பு. வீட்டுக்குள் அது எப்படி இருக்கிறது என்று தெரிய அடுப்படிக்குத்தான் போகவேண்டும்.

அடுப்படிக்கு ஆள் கிடைத்தார். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அம்மா, தலைமன்னாரில் பிறந்தவர். 1990இல் படகில் வந்து இறங்கியபோது பத்து வயது என்றார். பக்கத்து வீடு ஒரு சிங்களக் குடும்பம், அந்த வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அந்த வீட்டிலேயே பாதிநாள் கிடந்ததால் சிங்களம் பேசவும் கொஞ்சம் எழுதவும் தெரியும். பிள்ளைகள் அவரை "மன்னார் அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

சித்திரை முதல் நாள் நமக்கு வருடப்பிறப்பு. சிங்களவர்களுக்கும் அதே நாளில்தான், அல்லது ஒரு நாள் முன்னே பின்னே. இது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பழைய வருடம் முடிந்து புதியது பிறக்கும் இடைவெளியில் சில மணி நேரம் அங்கே யாரும் வேலை செய்ய மாட்டார்கள், அடுப்பு எரியாது. அப்புறம் குறித்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாக அடுப்பு மூட்டுவார்கள். புதுப்பானையில் பாலைப் பொங்கவிடுவார்கள். "நம்ம பொங்கல்" என்று ஒரு பெண் கத்தினாள். அடுத்து பாற்சோறு. சிங்களத்தில் கிரிபத். கிரி என்றால் பால், பத் என்றால் சோறு.

மாடியில் செங்கல் அடுப்பு வைத்து அன்றே செய்தோம். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, முதல் தேங்காய்ப்பாலை உப்புப் போட்டு ஊற்றி, கிளறி, தண்ணீர் வற்றியதும் இறக்கவேண்டும். தேங்காய் துருவும்போதே அத்தை நிறுத்தினார். ஓட்டை ஒட்டிய பழுப்பு வரும்வரை துருவிக்கொண்டிருந்தான் ஒருவன். "வெள்ளைய மட்டும் எடு பிள்ளை, பால் கருத்துப் போகும்." சோற்றை வாழை இலையில் கொட்டி, இன்னோர் இலைத் துண்டால் மேலே தடவித் தடவி, இரண்டு விரல் தடிமனுக்குச் சமப்படுத்தினார். ஆறியதும் கத்தியால் சாய்வாகக் கீறி, அல்வாத் துண்டு போல வெட்டினார். பிள்ளைகளுக்கு வாயெல்லாம் எச்சில். பால், தேங்காய், வெள்ளைவெளேர் என்று துண்டு. இனிக்கும் என்று கடித்தவன் முகம் மாறியது. "உப்பா இருக்கு!"

அதோடு தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு, எலுமிச்சை வைத்து அம்மியில் அரைத்த லுனுமிரிஸ். அதில் மாசிக் கருவாட்டுத் தூளும் போடுவார்களாம். நம் கடலில் கிடைக்கும் சூரை இனம்தான். மாலத்தீவில் அதை அவித்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்து அனுப்புவார்கள். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம்.

அந்த "உப்பா இருக்கு" எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை "நம்மள மாதிரியே" என்று குதித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்றார்கள். வேறு நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் இரண்டில் ஒன்றில் போய் விழுந்துவிடுகிறோம். ஒன்று, எல்லாம் விநோதம் என்று காட்டுவது. இல்லையென்றால், எல்லாம் நம்மைப் போலத்தான் என்று தடவிக்கொடுப்பது. இந்த இரண்டும் படித்துக்காட்டினால் ஏறிவிடும். நாக்கில் வைத்தால் ஏறாது. பொங்கலைப் போலப் பொங்கியது, ஆனால் உப்புக் கரித்தது. அது நம் பொங்கலும் இல்லை, விநோதமும் இல்லை. அவர்கள் வீட்டுச் சோறு.

இதே மாதிரி ஒரு விளையாட்டும் கிடைத்தது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் ஒலிந்த கெளிய என்று ஆடுவார்கள். குழி வெட்டிய பலகை, குழிக்குக் குழி விதை. பார்த்த உடனே பிள்ளைகள் பல்லாங்குழி என்றார்கள். ஒலிந்த என்பது குன்றிமணி. ஒன்று சொல்லவேண்டும்: குன்றிமணியை உடைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டையே போதும், நாங்களும் அதைத்தான் வைத்தோம்.

உறவுச் சொற்களுக்கு அட்டை செய்தோம். அம்மா அங்கேயும் அம்மா, அக்கா அங்கேயும் அக்கா. மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கை. அய்யா என்றால் அண்ணன். தாத்தா என்றால்? அப்பா! அன்றைக்கு முழுக்க மாடியில் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவைத் தாத்தா என்று கூப்பிட்டு அடி வாங்கியவர்களும் உண்டு.

சிங்கள எழுத்தைக் காட்டியபோது ஒருவன் "ஜாங்கிரி" என்றான். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் திட்டவில்லை. மறுநாள் ஓலை வெட்டி வரச் சொன்னேன்.

எங்கள் தீவில் பனைக்குப் பஞ்சமில்லை. அதிகம் முற்றாத ஓலையாகப் பார்த்து நறுக்கி, ஈர்க்கை உரித்து, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் காயவைத்து, ஒரு வாரம் அம்மிக்கல்லுக்கு அடியில் அழுத்தி வைத்தோம். எழுத்தாணிக்குப் பதில் கோணி ஊசி, முனையைக் கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கியது. அப்புறம் எழுதச் சொன்னேன்.

கயல்விழி என்று பெயருள்ள பெண் முதலில் உட்கார்ந்தாள். 'க'வின் மேல்கோட்டை இடமிருந்து வலமாக, ஸ்கேல் வைத்த மாதிரி இழுத்தாள். ஊசி நார் ஓடும் வழியிலேயே சறுக்கிக்கொண்டு போனது, ஓலை ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. அடுத்த ஓலை. இந்தமுறை மெதுவாக. மறுபடி கீறல். பக்கத்தில் அத்தை உட்கார்ந்து சிங்களத்தில் 'அம்மா' என்று எழுதினார். வளைவு, அதற்குள் ஒரு சுழி, மறுபடி வளைவு. ஓலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாங்கிரி என்று சொன்னவன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நேராப் போனா நாரோட போய்க் கிழியுது. வளைச்சா நிக்குது" என்றான். இந்த எழுத்துகள் வட்டமானதற்கு ஓலைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் வாயால் சொல்லியிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான், அவ்வளவுதான். அன்று அதை அவனே சொன்னான். நம் ஏடுகளிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

எழுதி முடித்த ஓலையில் ஒன்றுமே தெரியாது. வெறும் கீறல். அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கப் பூசி, துணியால் அழுத்தித் துடைக்கவேண்டும். துடைக்கத் துடைக்க மேலே உள்ள கரி போய், கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் நிற்கும். எழுத்து மேலே வரும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அப்போதுதான் கதையைச் சொன்னேன். அங்கே ஏடு எழுதியது பெரும்பாலும் தாளிப்பனை ஓலையில், நம் பனையைவிட அகலமானது. புத்தரின் போதனைகளைத் துறவிகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே சொல்லி வந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் வந்து சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் உட்கார்ந்து அவற்றை ஏட்டில் எழுதி வைத்தார்கள். ஒரு பெயர் எழுத மூன்று ஓலை கிழித்திருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தனுஷ்கோடிக்கு வேனில் போனோம். அரிச்சல்முனை மணலில் நின்று, ஓர் எட்டு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். இங்கிருந்து தலைமன்னார் சுமார் 29 கிலோமீட்டர், இருபத்தொன்பது எட்டு நடந்து ஒரு சிப்பி வையுங்கள் என்றேன். நம் மாவட்டத் தலைநகர் ராமநாதபுரத்துக்கு? எழுபது எட்டுக்கு மேல். சென்னைக்கு நடக்க ஆரம்பித்த இரண்டு பேர் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். பக்கத்துச் சிப்பி எது என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் அண்ணனின் கைபேசிக்கு அதற்குள் வெளிநாட்டுக் கட்டணம் பற்றிய குறுஞ்செய்தி வந்திருந்தது.

இடிந்த ஸ்டேஷன் சுவர்களுக்கு இடையே நிழல் பார்த்து உட்கார்ந்து டிக்கெட் செய்தோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு. மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட். போட் மெயில் என்று இன்னமும் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது. முதலில் ஓடிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர். அட்டை டிக்கெட்டில் பிள்ளைகள் ஊர்களை எழுதினார்கள். தங்கச்சிமடத்தில் ஏறிக் கண்டியில் இறங்குவதாக ஒருத்தி எழுதினாள். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் ரயிலையும் ஊரையும் சேர்த்து அடித்துப் போனதைச் சொன்னேன். அந்த ரயிலைப் பற்றி எங்கள் ஊரில் தெரியாத பிள்ளை கிடையாது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியதும், 1980களில் போர் வந்து அதுவும் நின்றதும் தெரியாது.

அதே 1964, அக்டோபர் மாதம். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று. காபித் தோட்டத்துக்கும் அது நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் பக்கத்திலிருந்து கங்காணிமார் கூட்டிப்போன சனங்கள்தான் அவர்கள். இந்தப் பகுதிக்கு நான் யோசித்த செயல்பாடு சரிவரவில்லை. அந்தக் காலத்தில் கூலிகளுக்கு எண் அடித்த தகரத் துண்டைக் கொடுத்து, கயிற்றில் கோத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். பால்மாவு டப்பாவை வெட்டி, எண் குத்தி, கழுத்தில் மாட்டி, பத்து நிமிடம் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு சின்னவள் துண்டைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். நிறுத்திவிட்டேன். இனி அதைச் செய்யமாட்டேன். ஒருவர் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் போட்டுக்காட்டக் கூடாது. அதற்குப் பதில் அத்தை எல்லோருக்கும் பால் விடாத தேத்தண்ணி போட்டு, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடிக்கவேண்டும். குடித்துக்கொண்டே ஒரு பையன், தன் பாட்டியின் அப்பா "கண்டிச் சீமை"க்குப் போனவர் என்று வீட்டில் பேசிக்கொள்வதைச் சொன்னான். அது வந்ததும் இன்னும் இரண்டு பேருக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் எல்லோரும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

கீழக்கரைக்குப் போனதை நீட்டாமல் சொல்கிறேன். என் தோழியின் உம்மம்மா வீட்டில் தொதல் கிண்டினோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. மூன்று மணி நேரம் கை மாற்றி மாற்றிக் கிண்டினால்தான் எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும். கீழக்கரைத் தொதல் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது இலங்கையிலும் இருக்கிறது, இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருக்கிறது, எங்கும் ஏறக்குறைய இதே பெயர். டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையை ஆண்டபோது ஜாவாவிலிருந்து போர்வீரர்களையும் நாடு கடத்தியவர்களையும் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள்தான் இலங்கை மலாய் மக்கள். தொதலும் வட்டலப்பமும் அவர்கள் கொண்டுவந்தவை என்பார்கள். கொழும்புக்குப் போய்வந்த கீழக்கரை வியாபாரிகளின் வீடுகளிலும் இரண்டும் உண்டு. கை கடுத்துப் போய் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைச் சொன்னேன். "ஜாவாவுலயும் இப்படித்தான் கை வலிச்சிருக்கும்" என்றாள் கயல்விழி.

இரண்டு மாதத்தில் எனக்கு மிகவும் கனமாக இருந்த நாள் வலை கட்டிய நாள்.

நாட்டுப்படகு வைத்திருக்கும் தாத்தா ஒருவரின் கிழிந்த வலையை மாடிக்குக் கொண்டுவந்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கிழிசலைக் கட்டுவது வேறு வேலை. முதலில் பிய்ந்த கண்களைக் கத்தியால் வெட்டி ஒழுங்கு செய்யவேண்டும். அப்புறம் வலை ஊசியில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணையும் பக்கத்துக் கண்ணின் அளவுக்கே இழுத்து முடிச்சுப் போடவேண்டும். ஒரு கண் பெரிதானால் மீன் அதன் வழியே போய்விடும். கொடியில் சிங்கத்துக்கு வண்ணம் தீட்டாத அந்தப் பையன்தான் உட்கார்ந்தான். உள்ளங்கை அகலக் கிழிசலைக் கட்ட அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரல் சிவந்துவிட்டது.

"அங்கிட்டு மன்னார்லயும் யாழ்ப்பாணத்துலயும் இந்த மாதிரி வலைதான் அதிகம்" என்று ஆரம்பித்தேன். போர் நடந்த வருடங்களில் அவர்களைக் கடலுக்கே சரியாகப் போகவிடவில்லை. 2009க்கு அப்புறம் சின்னப் படகும் நரம்பு வலையும் கடன் வாங்கித் திரும்ப இறங்கினார்கள். ராத்திரி விரித்து வைத்த வலையில் நம் விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலையான இழுவைமடி ஏறிப்போனால் காலையில் துண்டுதான் மிஞ்சும். 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியையே தடை செய்துவிட்டது. இதையெல்லாம் நான் குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். மாடியில் யாரும் பேசவில்லை. பையன் தான் கட்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா வேணும்னாக்கா அங்க போறாரு?" என்றான்.

இல்லை என்றேன். நம் பக்கம் மீன் குறைந்ததையும், படகுக்காரர் கடனையும், கூலியாள் போகும் இடத்தைத் தீர்மானிக்க முடியாததையும் சொன்னேன். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. அவனுக்கு அது பதிலாக இருந்ததா என்று தெரியாது. ஊசியை எடுத்து அடுத்த கிழிசலைக் கட்ட ஆரம்பித்தான். வலைக்காரத் தாத்தா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நரம்பைப் பிடித்துக் கொடுத்தார்.

மே மாதப் பௌர்ணமியில் வெசாக். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் அந்த நாளில் என்று கொண்டாடுவார்கள். நமக்கு வைகாசி விசாகம் வரும் அதே சமயம். இலங்கை முழுக்க வாசலில் காகித விளக்குக் கட்டித் தொங்கவிடுவார்கள், வெசாக் கூடு என்று பெயர். தெருவில் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சோறும் குளிர்பானமும் சும்மா கொடுப்பார்கள், அது தன்சல். கூடு கட்டுவது என்று சொன்னதும் ஒரு பெற்றோர் வந்து, "எதுக்கும்மா அவுங்க விளக்கு நம்ம வீட்டுல?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த நாட்டுப் போரில் செத்தவர்களின் படம் இன்னும் எங்கள் பக்கத்து வீடுகளில் தொங்குகிறது. நான் பதில் தேடுவதற்குள் அத்தை சொன்னார்: "பக்கத்து வீட்டில கட்டுவினம், தம்பி. நான் சின்னப்பிள்ளையில வேலியடியில நிண்டு பாத்துக்கொண்டே இருப்பன். ஒருக்காக்கூட என்ர கையால கட்டினதில்ல." கேட்க வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் மூங்கில் சிம்பு ஒரு கட்டு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

கட்டுவது இப்படி. ஒரே நீளத்தில் இருபத்து நான்கு குச்சி. நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரம். அந்த ஆறு சதுரங்களையும் மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டினால், இடையில் தானாகவே எட்டு முக்கோணம் விழும். கூட்டில் அட்டபட்டம என்று ஒரு வகை உண்டு, எட்டுப் பட்டை என்று அர்த்தம். எங்களுடையதில் எட்டு முக்கோணம் வந்ததும் பிள்ளைகள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். முடிச்சுகளை நூலில் போடாமல் தங்கூசி நரம்பில் போட்டார்கள், கடற்காற்றுக்கு அதுதான் தாங்கும் என்று அவர்களாகவே முடிவு செய்து. முக்கோணங்களுக்குச் சிவப்புப் பட்டத்தாள், சதுரங்களுக்கு வெள்ளை. ஓரத்துக்கு வால். உள்ளே மெழுகுவத்தி வைக்காமல் பேட்டரி பல்பு வைத்தோம். அன்று சாயங்காலம் வாசலில் தேத்தண்ணி அடுப்பு போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் போனார்.

கூடு மாடியில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சின்னவள் ஒருத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். அந்தப் பையன் அத்தையிடம் போனான். அடுத்த மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு அவன் அப்பா பெயர் கொடுக்கப் போகிறாராம், இவனையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாராம். அங்கே அங்கிட்டிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்.

"அத்தை, உன் பேரு என்னன்னு சிங்களத்துல எப்படிக் கேக்கணும்?"

அத்தை சொல்லிக்கொடுத்தார். நான்கு தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் அத்தை சிரித்துவிட்டார்.

"அங்க வாறவை முக்கால்வாசி எங்கட யாழ்ப்பாணத்து ஆக்களடா. தமிழ்லதான் கதைப்பினம். பேரென்ன எண்டு கேளு, போதும்."

அவன் யோசித்தான். "சரி, அவுங்களுக்கு என்ன கொண்டுபோறது? பனங்கிழங்கு?"

"அது அங்க நிறையக் கிடக்கு" என்றார் அத்தை. "அந்தத் தொதல் எண்டால் கொண்டு போ. எனக்கும் ஒரு துண்டு வச்சிட்டுப் போ."